பாகபத்திரம் உள்ளே இருக்கிறது

விமலகுமாரிக்கு லேப்டாப்பை அணைக்கும் பழக்கம் கிடையாது. வேலை முடிந்தால் மூடி வைப்பாள். மறுநாள் காலையில் திறந்தால் விட்ட இடத்தில் அது காத்திருக்கும். ஆறு வருஷமாக அப்படித்தான். பாறசாலையில் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு எதிர் வரிசையில், ஒரு மருந்துக்கடைக்கும் ஒரு தையல்கடைக்கும் நடுவே இருக்கும் ஒற்றை அறையில் உட்கார்ந்து அவள் ஆதாரம் எழுதுகிறாள். நிலம் விற்பவர், வாங்குபவர், பங்கு பிரிப்பவர் எல்லோருக்கும் பத்திரம் தயார் செய்து கொடுப்பது அவள் தொழில். எழுதிய பத்திரம் அத்தனையும் அந்த லேப்டாப்புக்குள்தான் இருக்கிறது.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் சஜு வேறு ஏதோ விஷயமாகப் போன் செய்தான். காட்டாக்கடையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். லேப்டாப்பை அவளுக்கு விற்றவனும் அவன்தான். பேச்சுவாக்கில் அவள் அதை அணைப்பதே இல்லை என்று தெரிந்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"சேச்சி, அதுக்கும் ஒரு ஒறக்கம் வேண்டாமா? இண்ணைக்காவது ஷட் டவுன் செய்துட்டு வீட்டுக்குப் போங்க."

அவளும் சொன்னபடி அணைத்தாள், மூடினாள், மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு தனுவச்சபுரம் பஸ்ஸைப் பிடித்தாள்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பொத்தானை அமுக்கியபோது லேப்டாப் விழித்தது. ஆனால் வழக்கமாக வரும் மகளின் கல்யாணப் போட்டோ வரவில்லை. நீல நிறத்தில் ஒரு பக்கம் வந்தது. முழுக்க ஆங்கிலம். மேலே தேதியும் நேரமும், கீழே வரிவரியாக என்னென்னவோ. மவுஸை நகர்த்தினாள். நகர்த்துவதற்கு அம்பே இல்லை. 'எக்ஸிட்' என்ற சொல் மட்டும் அவளுக்குப் புரிந்தது. அம்புக்குறிப் பொத்தானை அமுக்கி அமுக்கி அதில் கொண்டுபோய் நிறுத்தி என்டரைத் தட்டினாள். திரை இருண்டது, கம்பெனிப் பெயர் வந்தது, மறுபடியும் நீலப் பக்கம் வந்தது. அப்படியே பதினொரு தடவை வெளியேறினாள். பதினொரு தடவையும் அது அவளைத் திரும்ப அதே இடத்தில் கொண்டுவந்து விட்டது.

பன்னிரண்டாம் தடவை அமுக்கும்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொரு ஆட்டோ.

முதல் ஆட்டோவிலிருந்து தங்கப்பன் இறங்கினார். அறுபத்தாறு வயது, லாரிப் பட்டறையில் டீசல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது ஆட்டோவிலிருந்து அவருடைய தம்பி ராஜப்பன் இறங்கினார். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் போடுபவர். இருவருடைய வீடும் கொல்லயில் என்ற ஊரில் ஒரே வளாகத்தில்தான் இருக்கிறது. ஒரே பஞ்சாயத்து, ஒரே வார்டு, ஒரே வழி. ஆனாலும் ஆட்டோ இரண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கோயில் திருவிழாவில் ராஜப்பன் கட்டிய குழாய் ஒலிபெருக்கி ஒன்று தங்கப்பனின் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து நின்றது. அன்று வீட்டில் பேரனுக்குக் காய்ச்சல். திருப்பி வை என்றார் அண்ணன். கமிட்டிக்காரர் சொன்ன இடம் அது என்றார் தம்பி. அதோடு பேச்சு நின்றது.

ராஜப்பனின் ஆட்டோவிலிருந்து இரண்டு பெட்டியும் ஒரு பெரிய துணிப்பையும் இறங்கின. கடைசியாக விஜயம்மா இறங்கினார். இருவருக்கும் நடுவில் பிறந்தவர். நாக்பூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். சாயங்காலம் திருவனந்தபுரத்திலிருந்து அவருக்கு ரயில். அதற்குள் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, குடும்பச் சொத்தைப் பிரிக்கும் பாகபத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஆபீஸில் டோக்கன் இரண்டரை மணிக்கு.

அந்தப் பத்திரத்துக்காக விமலகுமாரி நாலு மாதம் உழைத்திருந்தாள். மொத்தம் பதினாலு பக்கம். நிலம், வீடு, கிணறு, வழி எல்லாம் பதினோரு பக்கத்தில் அடங்கிவிட்டன. மிச்சம் மூன்று பக்கம் ஒரே ஒரு பலாமரத்தைப் பற்றியது. எல்லைக்கோடு மரத்தின் நடுவே போகிறது. கிழக்கே நீளும் கொம்புகளில் காய்ப்பது அண்ணனுக்கு, மேற்கே காய்ப்பது தம்பிக்கு, அடிமரத்தில் காய்ப்பதை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. பத்திரம் பதிவாகும்வரை இரண்டு பேரும் மரத்தைத் தொடக் கூடாது என்று வார்டு மெம்பர் முன்னிலையில் உறுதியும் வாங்கியாயிற்று.

"எல்லாம் ரெடியா விமலே?" என்று கேட்டபடி விஜயம்மா நடு நாற்காலியில் உட்கார்ந்தார். சகோதரர்கள் ஆளுக்கொரு பக்கம் சுவரோரமாக நின்றார்கள்.

"ஒரு சின்ன தாமசம் உண்டு அக்கா. லேப்டாப்பு தொறக்கல்ல."

"தொறந்துதானே இரிக்கு."

"மூடி தொறந்திருக்கு. உள்ள தொறக்கல்ல."

விஜயம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். தங்கப்பனும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அந்த ஆங்கிலத்துக்கு நடுவில் நாற்பத்தேழு டிகிரி என்று ஒரு எண் அவர் கண்ணில் பட்டது.

"விஜயம்மா, இது ஹீட் ஆயிருக்கு. நாப்பத்தேழு காட்டுது பாரு. வண்டி சூடானா பானெட்டத் தொறந்து போட்டு அரை மணிக்கூர் ஆற விடணும். சும்மா சும்மா ஸ்டார்ட் செய்யப்படாது."

ராஜப்பனும் விஜயம்மாவைப் பார்த்தே பேசினார். "அக்கா, உனக்க அண்ணன்கிட்ட சொல்லு, இது லாரி இல்ல. இது கரண்டுக்க பிரச்சனையாக்கும். இந்த ப்ளக்கில எர்த்து இல்ல. வேற ப்ளக்கில குத்தினா தெளியும்."

"உனக்க தம்பிகிட்ட சொல்லு, எர்த்து இல்லேன்னா ஷாக்கு அடிக்கும். நீலமா பக்கம் வராது."

விஜயம்மா யாரிடமும் எதையும் சொல்லவில்லை. பன்னிரண்டு நாளாக இந்தத் தபால் வேலை பார்த்து அவருக்கு அலுத்திருந்தது.

இரண்டு வைத்தியமும் செய்து பார்த்தார்கள். லேப்டாப்பை மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு ஸ்டூலில் வைத்து அரை மணி நேரம் ஆற விட்டார்கள். எண் நாற்பத்திரண்டாக இறங்கியது. தங்கப்பனின் முகத்தில் திருப்தி தெரிந்தது. ஆனால் பக்கம் நீலமாகவே இருந்தது. பிறகு ராஜப்பனின் யோசனைப்படி தையல்கடையிலிருந்து வயர் இழுத்து அந்தக் கரண்டில் போட்டுப் பார்த்தார்கள். தையல் மிஷின் நின்றுபோனதுதான் மிச்சம்.

மணி பன்னிரண்டேகால். விமலகுமாரி சஜுவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பக்கம் ஏகப்பட்ட பேச்சுச் சத்தமும் வாளிச் சத்தமும் கேட்டன.

"சேச்சி, நான் அதியன்னூரில ஒரு கல்யாணத்துக்கு வந்தேன். பந்தியில இரிக்கேன். பருப்பு ஊத்தியாச்சு. வேகம் சொல்லுங்க."

அவள் சொன்னாள். அவன் அப்பளம் நொறுக்கும் சத்தம் கேட்டது.

"அது செட்டப்புப் பக்கம். விண்டோஸுக்குப் போறதுக்கு முன்ன உள்ள வாசல்னு வச்சுக்கிடுங்க. வண்டி எதுக்கு வாசல்லயே நிக்குதுன்னு பாக்கணும். பென் டிரைவ் வல்லதும் குத்தியிரிக்கா?"

"இல்ல."

"நான் காப்பி எடுத்து வைக்கச் சொன்ன பென் டிரைவ் ஒண்ணு உண்டே."

"அது வீட்டில இரிக்கு."

"அதில இந்தப் பத்திரம் இரிக்கா?"

விமலகுமாரி குரலைத் தாழ்த்தினாள். "அதில கல்யாண வீடியோ இரிக்கு."

சஜு ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கினான். பிறகு, அந்தப் பக்கத்தில் ஹார்ட் டிஸ்கின் பெயர் எங்காவது தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னான். விஜயம்மா விரலை வைத்து வரி வரியாக இறங்கி, ஓர் இடத்தில் நிறுத்தி, எழுத்தும் எண்ணுமாக இருந்ததை உரக்க வாசித்தார்.

"அப்ப உயிரு உண்டு," என்றான் சஜு. "டிஸ்க் போச்சுன்னா பேரே வராது. பாகபத்திரம் உள்ளதான் இரிக்கு. பயப்படாண்டாம்."

அறையில் நாலு பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். தங்கப்பன் லேப்டாப்பைப் பார்த்த பார்வையிலேயே ஒரு மாற்றம் வந்தது. தன்னுடைய நிலம் அந்தத் தகட்டுக்குள் எங்கோ சுருண்டு கிடக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

ஆனால் உள்ளே இருப்பதை எடுக்க வழி தெரியவில்லை. சஜு சொல்லச் சொல்ல விமலகுமாரி செய்தாள். பொத்தானைப் பத்து எண்ணும்வரை அமுக்கிப் பிடித்து அணைத்தாள். மவுஸ், பிரிண்டர் வயர் எல்லாவற்றையும் பிடுங்கினாள். எஃப் ஒன்பதை அமுக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள். எஃப் பத்தை அமுக்கிச் சேமித்தாள். ஒவ்வொரு தடவையும் கம்பெனிப் பெயர் வந்தது, எல்லோரும் குனிந்தார்கள், நீலம் வந்தது, எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"ஒரு மினிட்டு நில்லுங்க," என்றான் சஜு. "போளி வந்தாச்சு."

போனை அவன் இலைப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். போளியின் மேல் பால் பாயசத்தை ஊற்றுகிற சத்தம் முதல் அதை வழித்து உறிஞ்சுகிற சத்தம் வரை தெளிவாகக் கேட்டது. இங்கே ஒருவரும் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை. ராஜப்பன் எச்சில் விழுங்கினார். தங்கப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சேச்சி," சஜு திரும்ப வந்தான். "இனிப்பு போனதும் மண்டை வேலை செய்யுது. மேல் வரிசையில எஃப் டூ உண்டுல்லா? ஸ்டார்ட் ஆகும்போ அத அமுக்கினாத்தான் இந்தப் பக்கமே வரும். ஆராவது அதில கைய வச்சுட்டு நிக்கியளா?"

"ஆரும் தொடல்ல."

விஜயம்மா வரிசையாக ஒவ்வொரு பொத்தானாக ஒற்றை விரலால் தடவிக்கொண்டு போனார். எஃப் இரண்டில் விரல் நின்றது.

"இது மத்ததுபோல இல்ல. தாந்து கெடக்குது. எழும்பமாட்டேங்குது."

"அதாக்கும் காரியம்," என்றான் சஜு. "அது தன்னால அமுங்கிக் கெடந்தா மெஷினு என்ன செய்யும்? நீங்க செட்டப்பு கேக்கியன்னு நெனச்சு செட்டப்பத் தருது. சாயா வல்லதும் சிந்தினியளா?"

"எனக்க மேஜையில நான் சாயா கிளாஸ வைக்கவே விடமாட்டேன்."

"என்னவோ சிந்தியிரிக்கு. கீபோர்டு மாத்தணும். திங்கக்கிழமை கடைக்குக் கொண்டாங்க."

"ரெண்டரைக்கு டோக்கன் சஜு."

"சேச்சி, இஞ்ச புளிசேரி வந்தாச்சு, பின்னால அடுத்த பந்திக்கு ஆளு நிக்குது," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

விஜயம்மா தன் விரல் நுனியைப் பெருவிரலோடு சேர்த்து ஒட்டிப் பிரித்தார். நடுவில் நூல் மாதிரி ஒன்று நீண்டது. மூக்கருகே கொண்டுபோனார்.

"இது சக்கப் பசையாக்கும்," என்றார். பலாப்பழத்துப் பிசின்.

விமலகுமாரிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நேற்று சாயங்காலம் பத்திரத்தைக் கடைசியாக ஒரு தடவை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் பத்திரிகைத் தாளில் பொதிந்த பலாத்துண்டு ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சாயா கிளாஸுக்குத்தான் மேஜையில் தடை. பலாவைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. லேப்டாப்புக்கு மேலேயே சுளையைப் பிய்த்துப் பிய்த்து, வாசித்து வாசித்துத் தின்றாள். பிறகு சஜுவின் போன் வந்தது. அணைத்து, மூடியை அழுத்தி மூடினாள். மூடி எஃப் இரண்டை அமுக்க, ராத்திரி முழுக்கப் பசை அதை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டது.

"நேத்து ரெண்டு சுளை தின்னேன் அக்கா," என்றாள்.

"ஆரு தந்தது?"

"ஒரு பார்ட்டி."

ராஜப்பன் சுவரில் இருந்த காலண்டரில் ஜூன் மாதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நடப்பது மே மாதம். தங்கப்பன் தம்பியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், பிறகு நேராக மேஜைக்கு அடியில் இருந்த குப்பைக் கூடையிடம் போனார். பத்திரிகைத் தாளை விரித்து, உள்ளே கிடந்த கொட்டை ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். எஞ்சினில் தேய்ந்த பாகத்தைப் பார்ப்பது மாதிரி நிதானமாகப் பார்த்தார்.

"நீளக் குரு. மூட்டில வெள்ளைக் கீறு. இது எங்க மரத்துக்குள்ளதாக்கும்." அப்புறம் அவர் விஜயம்மாவைப் பார்க்காமல் நேராகத் தம்பியிடம் திரும்பினார். "எலே ராஜப்பா, மரத்தில ஏறினியா?"

ஒன்பது வருஷத்தில் அண்ணன் தம்பியிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது. ராஜப்பன் திடுக்கிட்டு, பழைய பழக்கத்தில் சின்னப் பையன் மாதிரி பதில் சொல்லிவிட்டார்.

"ஏறல்ல அண்ணா. மூட்டில காய்ச்சுக் கெடந்தது. நின்னுட்டே பறிச்சேன்."

"மெம்பருக்க முன்ன என்ன சொன்னே? தொடமாட்டேன்னு சொன்னியா இல்லியா? அதும் இப்பம் ஆராவது பறிப்பானா? இந்த வருசம் மழை நேரத்தே வந்ததுனால சுளையில எல்லாம் வெள்ளம். இனியும் ரெண்டு வாரம் விட்டாத்தான் வாயில வைக்க நல்லாயிரிக்கும்."

"அண்ணனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார் விஜயம்மா.

"எது?"

"சுளையில வெள்ளம்னு."

தங்கப்பன் கொட்டையைக் கூடையில் போட்டார். "வெளியில பாத்தாத் தெரியாதா. வயசு அறுபத்தாறாச்சு."

விமலகுமாரிக்கு அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் கமறியது. இருமலை அடக்கப் பார்த்தது இன்னும் மோசமாகிவிட்டது. விஜயம்மா மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர்களை வாசித்த கண் அது.

"நீ சொல்லு விமலே."

விமலகுமாரி எழுந்து நின்று, பத்திரம் வாசித்துக் காட்டும் குரலில் சொன்னாள். "போன ஞாயித்துக்கிழமை தங்கப்பண்ணன் எனக்க வீட்டுக்கு ஒரு சக்க கொண்டு வந்தாரு. முழுசு. கெழக்குக் கொம்ப ஒரு முழம் நீட்டி எழுதணும்னு சொன்னாரு. நேத்து ராஜப்பண்ணன் இஞ்ச ஒரு துண்டு சக்க கொண்டு வந்தாரு. மேக்குக் கொம்ப நீட்டச் சொன்னாரு. நான் ரெண்டு பேருகிட்டயும் பாக்கலாம்னு சொன்னேன். ஒரு எழுத்தும் மாத்தல்ல. சக்கைய மட்டும் வாங்கிட்டேன். அது தப்பாக்கும்."

சகோதரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் கோபத்தைவிட வியப்புத்தான் அதிகம்.

"முழுசா?" என்றார் ராஜப்பன்.

விஜயம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நான் வந்து பன்னெண்டு நாளாச்சு. அண்ணன் வீட்டில ஆறு நாளு, தம்பி வீட்டில ஆறு நாளு. ரெண்டு வீட்டு ஜன்னல்லயும் அந்த மரம்தான் தெரியுது. காலத்த எழும்பினா அந்த மணம். ஒரு சுளை தாருங்கோன்னு கேட்டா, மெம்பரு தொடப்படாதுன்னு சொல்லியிரிக்குன்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னீங்க. எனக்கு பிரெட்டும் ஆம்லெட்டும் தந்தீங்க. பத்திரம் எழுதுறவளுக்கு வீடு தேடிக் கொண்டு குடுத்திரிக்கீங்க."

வெளியே தையல் மிஷின் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தது.

"மணி ஒண்ணாகப் போவுது," என்று விஜயம்மாவே சொன்னார். "சக்கப் பசைக்கு மருந்து என்னன்னு நான் சொல்லித் தரணுமா?" துணிப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் டேப் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். நாக்பூருக்குக் கொண்டுபோக வைத்திருந்த தேங்காய் எண்ணெய்.

"கீபோர்டில வெளிச்செண்ணையா," என்று விமலகுமாரி முனகினாள். அவள் பேச்சை அந்த நேரத்தில் யாரும் எடுத்துக்கொள்வதாக இல்லை. சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை முழுக்க அணைத்துக் கொடுத்துவிட்டு, பார்க்க மனமில்லாமல் வாசலில் போய் நின்றுகொண்டாள். மருந்துக்கடைக்காரர் காது குடையும் பஞ்சுக் குச்சியும் ஒரு சின்னக் குப்பி ஸ்பிரிட்டும் கொடுத்தார்.

ராஜப்பனின் சட்டைப்பையில் மைக் செட் வேலைக்கான மெல்லிய திருப்புளி எப்போதும் இருக்கும். அதை எஃப் இரண்டின் அடியில் நுழைத்தார்.

"மேல நிண்ணு நெம்பாதே," என்றார் தங்கப்பன். "அடியில லிவர் உண்டாயிரிக்கும். பக்கவாட்டில குடு."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா எதுக்குக் கை வெறைக்குது?"

"காலத்திலேருந்து ஒண்ணும் தின்னல்ல, அதான்."

தங்கப்பன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, பஞ்சுக் குச்சியை எண்ணெயில் தொட்டு, தம்பி தூக்கிப் பிடித்த இடுக்கில் ஒரே ஒரு சொட்டுப் படும்படி வைத்தார். கொஞ்சம் காத்திருந்தார்கள். இன்னொரு சொட்டு. பசை முதலில் வெளுத்தது, பிறகு சுருண்டு குச்சியோடு வந்தது. திடீரென்று பொத்தான் டக்கென்று கழன்று பறந்து அலமாரிக்கு அடியில் போயிற்று.

அதைத் தேடுவதற்குப் பத்து நிமிஷம் ஆனது. சகோதரர்கள் இருவரும் தரையில் குப்புறப் படுத்து, போன் டார்ச்சை அடித்து, அலமாரியின் இரு பக்கத்திலிருந்தும் கையை விட்டுத் துழாவினார்கள். 2014-ல் யாரோ தொலைத்த ஒரு வரி ரசீது கிடைத்தது. ஒரு செத்த பல்லி கிடைத்தது. கடைசியில் பொத்தான் தங்கப்பனின் கையில் அகப்பட்டது. அவர் அதை ஸ்பிரிட்டில் கழுவி, வேட்டி நுனியில் துடைத்து, தம்பியிடம் நீட்டினார். ராஜப்பன் அடியையும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, பொத்தானைப் பொருத்தி அமுக்கினார். அது அமுங்கியது, எழும்பியது. இன்னொரு தடவை அமுக்கினார். எழும்பியது. பிறகு தங்கப்பனும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

ஒன்றேமுக்காலுக்கு விமலகுமாரி லேப்டாப்பை இயக்கினாள். கம்பெனிப் பெயர் வந்தது. நீலம் வரவில்லை. சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. அவள் கைகூப்பப் போன நேரத்தில், அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று ஒரு அறிவிப்பு வந்தது. பூஜ்யம் சதவீதம்.

"இது இப்பம் எதுக்கு?" என்றார் விஜயம்மா.

"ஆறு வருசமா அணைக்கல்லல்லா. சேத்து வச்சுத் தருதா இரிக்கும்."

அடுத்த இருபது நிமிஷம் அந்த அறையில் எண்ணைத் தவிர வேறு பேச்சு இல்லை. பதினெட்டில் நாலு நிமிஷம் நின்றது. போச்சு என்றார் ராஜப்பன். ஏற்றத்தில் வண்டி இப்படித்தான் நிற்கும், கியர் மாறினால் போகும் என்றார் தங்கப்பன். முப்பத்தொன்றுக்குத் தாவியது. பார்த்தியா என்றார் தங்கப்பன். அறுபதில் மறுபடி நின்றபோது ராஜப்பன் தானாகவே, "இது அடுத்த ஏத்தமா அண்ணா?" என்று கேட்டார். இரண்டு மணி ஆறு நிமிஷத்துக்குக் கல்யாணக் கோலத்தில் மகளும் மருமகனும் திரையில் வந்தார்கள். விமலகுமாரி மருமகனைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுவே முதல் தடவை.

பத்திரத்தைத் திறந்து பிரிண்டரை இணைத்தாள். அப்போது விஜயம்மா அவள் கையைப் பிடித்தார்.

"அந்த மரத்துக்க மூணு பக்கத்தையும் வெட்டு."

"அக்கா?"

"வெட்டிட்டு ஒரு வரி எழுது. மரம் எனக்கு. நிக்கிய எடம் அவங்களுக்கு, மரமும் அதில காய்க்கியதும் எனக்கு."

தங்கப்பனும் ராஜப்பனும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"எனக்கு நிலம் வேண்டாம், வீடு வேண்டாம்னு சொன்னவ நான்," என்றார் விஜயம்மா. "கையொப்பு போடணும்னா இது வேணும். இல்லன்னா நான் இப்பமே பஸ்ஸப் பிடிக்கியேன். அடுத்த வருசம் வாறேன். அதுவரை நீங்க மெம்பருக்க சொல்லக் கேட்டு மரத்தத் தொடாம இருங்க."

சகோதரர்கள் மூலைக்குப் போய்த் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். பேச்சு ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

"எழுது பிள்ளே," என்றார் தங்கப்பன்.

"அண்ணனுக்குக் கிட்டாட்டி எனக்கும் வேண்டாம்," என்றார் ராஜப்பன். அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று விமலகுமாரிக்கு விளங்கவில்லை. எழுதிவிட்டாள். பதினாலு பக்கம் பதினோரு பக்கமாயிற்று. பிரிண்டர் ஒரு தாளையும் கடிக்காமல் துப்பியது.

இரண்டு இருபத்தெட்டுக்கு நாலு பேரும் ரோட்டைக் கடந்து ஓடினார்கள். உள்ளே போட்டோ எடுத்தார்கள், விரல் ரேகை வாங்கினார்கள். தங்கப்பனின் பெருவிரலில் எண்ணெய் இருந்ததால் ரேகை மூன்று தடவை வழுக்கியது. பத்திரத்தை வாசித்த ஆபீஸர் ஓரிடத்தில் நிறுத்தி விஜயம்மாவை ஏறிட்டுப் பார்த்தார். நாக்பூரில் இருக்கிறவருக்கு இங்கே ஒரு மரம் எதற்கு என்று கேட்டார்.

"என்டே மரம் சாரே. அவிடெ நிக்கட்டே," என்றார் விஜயம்மா. ஆபீஸர் சிரித்துக்கொண்டே முத்திரை வைத்தார்.

நாலு மணிக்கு முன்னால் விஜயம்மாவைத் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏற்றினார்கள். பெட்டி இரண்டையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு சகோதரர்கள் பஸ்ஸுக்குள்ளேயே போய் வைத்துவிட்டு இறங்கினார்கள். விஜயம்மா ஜன்னல் வழியாகக் கையசைத்தார். பஸ் அமரவிளைப் பக்கம் திரும்பி மறையும்வரை இருவரும் நின்றார்கள். அதற்குப் பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருவரும் ரோட்டைப் பார்த்தார்கள்.

ஸ்டாண்டில் ஆட்டோ ஒன்றுகூட இல்லை. ஏதோ கட்சியின் வாகனப் பேரணிக்கு எல்லாம் போய்விட்டிருந்தன. தனுவச்சபுரம் வழியாகப் போகும் பஸ் வந்தபோது விமலகுமாரி லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். அவளுக்குப் பின்னால் தங்கப்பன் முன்வாசல் வழியாகவும் ராஜப்பன் பின்வாசல் வழியாகவும் ஏறினார்கள். உட்கார இடமில்லை. நடுவில் வந்து நிற்கும்போது இருவரும் ஒரே கம்பியைப் பிடிக்கும்படி ஆயிற்று.

கண்டக்டர் முன்னாலிருந்து வந்தார். தங்கப்பன், "கொல்லயில் ரெண்டு," என்று சொல்லித் தலையால் தம்பியைக் காட்டினார். ராஜப்பன் அப்போது மைக் செட் வாடகை விஷயமாக யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அதைக் கவனிக்கவில்லை. கூட்டத்தில் பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்த கண்டக்டரிடம் அவரும், "ரெண்டு கொல்லயில், அந்த நிக்கிய அண்ணனுக்கும் சேத்து," என்றார்.

"அவரு எடுத்தாச்சே," என்றார் கண்டக்டர், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த பிறகு.

"எலே, நான்தான் எடுத்தேன்லா," என்றார் தங்கப்பன். "காது கேக்காதா? அந்தக் குழாயக் கட்டிக் கட்டிக் காது போச்சு."

"சொல்லிட்டு எடுக்கணும். எனக்கு எப்பிடித் தெரியும்?"

"திருப்பிக் குடு."

"திருப்பி எடுக்க முடியாது," என்றார் கண்டக்டர். "அடிச்சா அடிச்சதுதான்."

இறங்கும்வரை அந்த நாலு டிக்கெட்டைப் பற்றி இருவரும் சண்டை போட்டார்கள். விமலகுமாரிக்கு உட்கார இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக் கண்ணை மூடினாள். அவர்கள் சத்தத்தில் தூங்கத்தான் முடியவில்லை.